தாழைமுனைக்கு முதலில் வந்தவர்கள்

தவசிராஜன் அண்ணாச்சி இறந்ததை நான் சுவரொட்டியில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். விருதுநகர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, பசை காயாத தாளில், கடலுக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல தாள், நல்ல அச்சு. சிவகாசியில் வசதியான ஒருவர் கண்ணை மூடினால், உறவுக்காரர்களுக்குத் தகவல் போய்ச் சேருமுன் சுவரொட்டி ஊர் தாண்டிவிடும்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட டீக்கடைக்காரர், "தெரிஞ்சவுகளா சார்?" என்று கேட்டார்.

"தெரியும்."

"ரெம்ப நல்ல மனுசனாம்ல?"

"டீயில சீனி கம்மியாப் போடுங்க" என்றேன்.

மாலையில் அவர் மகன் கார்த்திக் பேசினார். "சார், அப்பா போயிட்டாக. காரியத்தன்னைக்கு நினைவு மலர் ஒண்ணு போடுறோம். நீங்க எழுதாம எப்படி? அப்பா படிக்க வச்ச ஆளுல்ல நீங்க. பீச்சப் பத்தியும் எழுதுங்க. அப்பாவுக்கு அதுதான் உசுரு." போனை வைக்கும் முன், "நல்லதா எழுதுங்க சார்" என்று சேர்த்துக்கொண்டார். நடந்ததை எழுதியிருக்கிறேன். அது நல்லதா என்பதை இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் சொல்லுங்கள்.

உங்களில் பாதிப் பேராவது தாழைமுனைக்கு வந்திருப்பீர்கள். சாயல்குடி தாண்டி, கடலைப் பார்த்துத் திரும்பும் ஒற்றைச் சாலை. உடைமரங்கள், அதற்கப்பால் பனைகள், அப்புறம் சிவந்த மணல் மேடு. மேட்டில் ஏறினால் திடீரென்று கடல். தூரத்தில் இருக்கும் பாறைத் திட்டுகள் அலையை அங்கேயே உடைத்துவிடுவதால் கரைக்கு வருவது வெறும் தண்ணீர்தான். நண்டு ஓடும் சத்தம் கேட்கும். அங்கே அண்ணாச்சி கட்டிய விடுதிக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதற்காக வருகிறார்கள்.

அந்தக் கடற்கரையின் வரலாற்றை எழுதித் தரும்படி அவர் என்னிடம் கேட்டார். நான் வரலாற்றுப் பேராசிரியன்; எழுதிக் கொடுத்தேன். அதன் முதல் பக்கத்தை எடுத்துவிட்டார். அவருக்கும் எனக்கும் இருந்த வழக்கு இவ்வளவுதான். என் அக்கா பேச்சியம்மாளின் சாம்பலோடும், அவளுடன் செத்த நான்கு பேரின் சாம்பலோடும்தான் தாழைமுனையின் வரலாறு தொடங்குகிறது என்பது என் கட்சி. அந்த ஐந்து பெயர்களும் அந்தக் கரையில் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். கடைசிவரை அவர் சம்மதிக்கவில்லை.

அக்கா இறந்தபோது நான் கல்லூரியில் முதலாண்டு. தீபாவளிக்கு முந்தைய சீசன். சாத்தூர் பக்கம் இருந்த அண்ணாச்சியின் பட்டாசுத் தொழிற்சாலையில் அக்காவுக்குப் புஸ்வாணப் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கும் வேலை. பட்டாசு ஆலைகளில் ஒவ்வோர் அறையும் தனித்தனியாக, இடையில் வெற்று நிலம் விட்டு இருக்கும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காக. ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. ஆர்டர் நெருக்கியதால், தீப்பிடித்த அன்று அக்காவின் அறையில் ஏழு பேரை உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு பேர் வெந்த உடம்போடு பிழைத்தார்கள். அண்ணாச்சியின் ஆட்கள் சொன்னபடி, "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று மறுநாள் பேப்பரில் வந்தது. எந்தத் தொழிலாளி என்று விசாரித்தவர்களிடம், பூச்சட்டி அடைத்த பெண் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

ஐந்து பேரின் வீட்டாருக்கும் சேர்த்து அண்ணாச்சி தன் வேனைக் கொண்டுவந்தார். சாம்பலைக் கரைக்க ராமேஸ்வரம் போகிறோம் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். சாயல்குடி தாண்டியதும் வேன் வேறு பக்கம் திரும்பி, பாதையில்லாத மணலில் போய் நின்றது. என் அம்மா இறங்க மறுத்துவிட்டாள்.

"எம்புள்ளய எங்கன கொண்டாந்து கரைக்கச் சொல்றீக? இங்கன ஒரு கோயில் உண்டா, தீர்த்தம் உண்டா?"

முன்னிருக்கையில் இருந்த அண்ணாச்சி இறங்கி வந்து, "கடல் பூராம் ஒரே கடல்தான தாயி" என்றார்.

"அப்பம் ராமேஸ்வரத்துக் கடலுக்கே போக வேண்டியதுதான?"

"அங்கன கூட்டம். பேப்பர்காரனுக வந்து நிப்பானுக. உங்களயும் நிம்மதியா அழ விடமாட்டானுக."

"எங்களயா, ஒங்களயா?" என்றாள் அம்மா. கடைசியில் இறங்கினாள். வேறென்ன செய்ய முடியும்? வேன் அவருடையது.

கரைத்துவிட்டு ஈரத்துணியோடு மேலேறியபோது அவரைக் காணவில்லை. குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்க, சற்றுத் தள்ளி வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவரை நோக்கிப் போனேன். அண்ணாச்சி அங்கேதான் இருந்தார். எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அந்த மீனவரிடம் கேட்டார்:

"இம்புட்டு அமைதியா இருக்கே. இது யாரு பட்டா?"

நான் பிறகு ஆவணக் காப்பகங்களில் தேடியிருக்கிறேன், அந்தப் பகுதிப் பெரியவர்களிடம் பேசியிருக்கிறேன். தாழைமுனையில் அதற்கு முன் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடந்ததில்லை. மீனவர்கள் வலை காயப்போட்டார்கள். பதநீர் காலத்தில் பனையேறிகள் வந்து குடிசை போட்டுத் தங்கிப் போனார்கள். உப்பு வண்டிகள் மேட்டுக்கு அந்தப் பக்கமாகப் போயின. யாரும் அதை அழகு என்று சொன்னதில்லை, வேண்டும் என்று கேட்டதில்லை. அதை வேண்டும் என்று நினைத்த முதல் மனிதர் தவசிராஜன். அவர் அதை நினைத்த நேரத்தில் என் அம்மா தலைமுடியிலிருந்து கடல்நீரைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

எங்கள் துக்க வீட்டுக்கு அவர் வந்தபோது தெருவே கூடியிருந்தது. என் தோளில் கை வைத்து, "இவனப் படிக்க வைக்கது எம்பொறுப்பு" என்றார். சொன்னதைச் செய்தார், அதை மறைக்க மாட்டேன். முனைவர் பட்டம் வரைக்கும் செய்தார். ஆனால் நான் தேறிய ஒவ்வொரு தேர்வும் அவருடைய வெற்றி ஆனது. கல்லூரி விழா, கோயில் கொடை, அச்சக முதலாளிகள் கூடும் காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியீடு என்று எங்கே பார்த்தாலும் கையைப் பிடித்து இழுத்து, "இது நான் படிக்க வச்ச பய" என்பார். ஏன் படிக்க வைத்தார் என்று ஒருவரும் கேட்டதில்லை. என் கல்யாண மேடையில் ஒலிபெருக்கியை வாங்கி, "இவுக அக்கா நம்ம கம்பெனிலதான் இருந்தாக. பாக்கக் குடுத்து வைக்கல" என்றார். காய்ச்சலில் போய்விட்டாளாக்கும் என்று என் மாமனார் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். நான் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

தாழைமுனையில் அவர் விடுதி கட்டத் தொடங்கியபோது மதுரையிலிருந்து ஒரு பொறியாளர் மூன்று மாடிக் கட்டட வரைபடத்தோடு வந்தார். நானும் அன்று உடனிருந்தேன்.

"மாடியா?" என்றார் அண்ணாச்சி. "ஆபத்துன்னா மாடியில இருக்கவன் எங்கிட்டு ஓடுவான்?"

"என்ன ஆபத்துங்க அண்ணாச்சி? ரிசார்ட்டுதான?"

"எதுவா இருந்தா என்னய்யா?" அவர் ஒரு பனைமட்டையை எடுத்து மணலில் கோடு போட்டுக் காட்டினார். இங்கே ஓர் அறை. நிறைய மணல் விட்டு அங்கே ஓர் அறை. அதைத் தாண்டி இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரெதிரே இரண்டு வாசல். வாசலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு, காலைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பொறியாளர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பணக்காரரின் கிறுக்கு என்று நினைத்திருப்பார். நான் அந்தக் கோடுகளை அடையாளம் கண்டுகொண்டேன். அது பட்டாசு ஆலையின் படம். மருந்து வாடை ஒன்றுதான் குறை.

அவருக்கு வேறு மாதிரிக் கட்டத் தெரியாது. ஆயுள் முழுக்க அந்த ஒரு மாதிரிக் கட்டடத்தைத்தான் கட்டியிருந்தார். ஆனால் அதுவே அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. அடுத்தவர் பேச்சு காதில் விழாத அறைகள், வெறுங்காலோடு நடக்கும் விருந்தினர்கள். சென்னைப் பத்திரிகை ஒன்று மௌனத்துக்காகவே வடிவமைத்த கடற்கரை என்று எழுதியது. அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார். தீபாவளி வாரத்தில் வெடிச் சத்தத்துக்குப் பயந்த குடும்பங்கள் நாயையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு அங்கே ஓடி வந்தன. ஊருக்கு வெடி அனுப்பியவரும் அவர்தான், வெடிக்குப் பயந்தவர்களுக்கு இடம் கொடுத்தவரும் அவர்தான். "சத்தத்த பூராம் வித்துட்டேன்லே, அமைதிய எனக்குன்னு வச்சுக்கிட்டேன்" என்பார். கேட்பவர்கள் ரசித்துச் சிரிப்பார்கள்.

ஒரு முறை கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று வந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவனின் அம்மா. அண்ணாச்சி வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல கூடாது" என்றார்.

"சார், அம்மா ஒரு ஓரமாப் படுத்துக்குவாங்க. பாய் இருந்தாப் போதும்."

"ஓரம் கீரம் கிடையாது. நாலுன்னா நாலுதான்."

"இன்னொரு ரூமுக்கு வாடகை புடுங்கப் பாக்கறீங்களா?"

"காசு யாருய்யா கேட்டா? சும்மா தாரேன், எடுத்துக்கோங்க. ஆனா அஞ்சாவது ஆளு அந்த ரூம்ல படுக்கக் கூடாது." குரல் உயர்ந்துவிட்டது. அந்த அம்மாளுக்கு ஓர் அறையை இலவசமாகவே திறந்துவிட்டார். என்ன தங்கமான மனுஷன் என்று அந்த அம்மாள் சொன்னார்.

நான் வெளியே வந்துவிட்டேன். கால் சுட்டது, செருப்பு போடத் தோன்றவில்லை. விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பத்துக்காக அவர் கட்டிக் காத்த விதியை, கூலிக்கு வந்த என் அக்காவுக்காக ஒரு நாள், ஒரே ஒரு நாள் கடைப்பிடித்திருக்கலாமே! அந்த மனிதருக்கு விதி தெரியாமல் இல்லை. யாருக்கு அது பொருந்தும் என்பதில்தான் அவருக்குத் தனிக் கொள்கை இருந்தது.

என் அம்மா ஒவ்வொரு தை அமாவாசைக்கும் தாழைமுனைக்குப் போவாள். கொஞ்சம் மல்லிகைப்பூ, அக்காவுக்குப் பிடித்த சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம், அவ்வளவுதான். விடுதி திறந்த பிறகு வந்த முதல் தை அமாவாசையில் நானும் கூடப் போனேன். வாயிலில் காவலாளி மறித்தான்.

"ரூம் போட்டிருக்கீகளா?"

"இல்லப்பா. எம்மகளப் பாத்துட்டுப் போயிருதேன்."

"எந்த ரூம்ல இருக்காகம்மா?"

"ரூம்ல இல்ல. தண்ணியில."

அவனுக்குப் புரியவில்லை. உள்ளே ஒரு பலகை இருந்தது: இக்கடற்கரையில் ஈமச் சடங்குகள் செய்யக் கூடாது. புரிந்ததும் அவன் அந்தப் பலகையைக் காட்டினான். "நான் என்னம்மா செய்ய? முதலாளி வச்ச போர்டு."

நான் அண்ணாச்சிக்குப் போன் செய்து கத்தினேன். அவர் காவலாளியைக் கூப்பிடச் சொல்லி, "அந்த அம்மாவ மட்டும் உள்ள விடுலே" என்றார். போனில் அது அம்மாவுக்கும் கேட்டது.

"மத்த நாலு பேரப் பெத்தவளுக எங்கிட்டுப் போக?" என்று கேட்டுவிட்டு அவள் திரும்பி நடந்தாள். பூவைச் சாலையோரத்து உடைமரத்தடியில் வைத்தாள். அதன்பின் அவள் அங்கே போகவில்லை. அந்த ஐந்து பெயர்களும் அந்தக் கரையில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கத் தொடங்கியது அன்றுதான். பெயர் இருக்கும் இடத்தில் பெற்றவளை மறிக்க முடியாது.

அடுத்த ஆண்டே விருந்தினருக்குக் கொடுக்க ஒரு சிறு நூல் வேண்டும் என்றார். வேனில் தொடங்கி எழுதினேன். அலங்காரம் இல்லை, வசவும் இல்லை. ஐந்து பெயர்களை வரிசையாகக் கொடுத்திருந்தேன். அவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாண்டியர் காலத்துல முத்துக் குளிச்ச துறைன்னு ஆரம்பி."

"அதுக்கு ஆதாரம் இல்ல அண்ணாச்சி."

"டாக்டர் பட்டம் வாங்கியிருக்கேல்ல? தேடு, கிடைக்கும்."

"கிடைச்சதத்தான் எழுதியிருக்கேன்."

"ஏலே, குளிக்க வாரவன் கையில கருமாதிப் பத்திரிகையக் குடுக்கச் சொல்றியா?"

முதல் பக்கம் இல்லாமல் அந்த நூலை நான் ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவர் தன் அச்சகத்திலேயே அடித்தார். பாண்டிய மன்னர், முத்து, கப்பல், கிரேக்க வணிகர் எல்லாம் வந்திருந்தார்கள். அட்டையில் முனைவர் என்ற அடைமொழியோடு என் பெயர். மதுரையில் ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "முத்துத் துறைக்கு எந்தக் கல்வெட்டுங்க சான்று?" என்று சபையிலேயே கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அது நான் எழுதியதல்ல என்று சொன்னேன். அட்டையைத் திருப்பிக் காட்டினார். அன்றிலிருந்து என்னை யாரும் பேசக் கூப்பிடுவதில்லை. படிப்பைக் கொடுத்தவரே அதன் மரியாதையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அண்ணாச்சியை நான் கடைசியாகப் பார்த்தது இந்தக் கோடையில். ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். ஈரமணலில் நாற்காலி போட்டு, கால்களைத் தண்ணீரில் வைத்து உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. நலம் விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அந்த ஐந்து பெயர்களையும் எழுதிக் கரையில் ஒரு பலகை வைப்பதைப் பற்றித்தான் கேட்டேன்.

"பேரப் போட்டா எவன்லே இங்கன குளிப்பான்?" என்றார். பிறகு, கேட்காமலே, அந்த ஐந்து பெயர்களைச் சொன்னார். அன்று அறையில் அவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் சொன்னார். யார் எந்தச் சுவரோரம், யார் கையில் என்ன வேலை என்று சொன்னார்.

"உங்கக்கா தெக்கு வாசல ஒட்டி இருந்தா. அந்தப் பிள்ள மேல தப்பு இல்ல. நெருப்பு வடக்க இருந்துதான் வந்துச்சு. மத்தியானம் லோடு ஏத்தணும்னு தெக்கு வாசல அடச்சுப் பெட்டி அடுக்கச் சொன்னேன். நாந்தான் சொன்னேன்."

கடல் எங்கள் காலடியில் வந்து வந்து போயிற்று. இத்தனை வருடத்தில் என் அம்மா அக்காவை நினைத்து அழுதபோதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறாள்: "வாசலோரந்தான் உக்காருவேன்னு சொல்லுவியே, ஏன்டி ஓடல? அம்புட்டுத் துடியா இருப்பியேடி." செத்த மகளோடு அவளுக்கு அந்த ஒரு கோபம் இருந்தது. மகள் கவனமில்லாமல் இருந்துவிட்டாள், ஓடவும் தெரியாமல் போய்விட்டாள் என்று அவள் நம்பிவிட்டிருந்தாள்.

"இத ஏன் அன்னைக்குச் சொல்லல?" என்றேன்.

"சொன்னா கம்பெனி இருக்காதுலே."

"இப்ப ஏன் சொல்றீங்க?"

"எழுதுவியா?"

"எழுதுவேன்."

"நான் போனப்புறம் எழுது" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். எழுந்து வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவும் இல்லை.

இதை எழுதாமல் நான் வாயை மூடிக்கொண்டிருந்த இந்தச் சில மாதங்களும் அவருக்குக் கொடுத்த கடைசிச் சலுகை. அது முடிந்துவிட்டது. கார்த்திக், நீங்கள் இந்தக் கட்டுரையை உங்கள் அச்சகத்தில் அடிக்கப் போகிறீர்கள். பக்கம் போதவில்லை என்றால் என் பட்டத்தை எடுத்துவிடுங்கள், உங்கள் அப்பா என்னைப் படிக்க வைத்த கதையையும் எடுத்துவிடுங்கள். கீழே வரும் வரிசையில் மட்டும் கை வைக்காதீர்கள். அது உங்கள் அப்பா சொன்ன வரிசை. தாழைமுனைக்கு முதலில் வந்தவர்கள் இவர்கள்தான்: நாரணாபுரம் காளீஸ்வரி, விஸ்வநத்தம் முத்துலட்சுமி, அவள் தங்கை சீதாலட்சுமி, நாரணாபுரம் சங்கையா, விஸ்வநத்தம் பேச்சியம்மாள்.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் கொடுத்த படிப்பை அல்ல. அதற்கான விலையை என் வீடு முன்பே கொடுத்துவிட்டது. அந்தக் கரையின் அமைதியும் எனக்கு வேண்டாம். பெட்டி அடுக்கச் சொன்னது தான்தான் என்று அவர் வாயால் சொன்ன அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அம்மாவிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை. இந்த மலர் உங்கள் கைக்கு வருமுன் அவள் அதை என் வாயால் கேட்டாக வேண்டும். இன்று சாயங்காலம் விஸ்வநத்தம் போகிறேன். உன் மகள் ஓடத்தான் பார்த்திருப்பாள் என்று அவளிடம் சொல்ல வேண்டும்.